கயிற்று முனையிலிருந்து தொடங்குங்கள்: பழைய வைக்கோல் பேலரில் பழுது கண்டு நீக்கும் முறை

மலேசியாவின் சிலாங்கூரில், இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் செம்பனை மரங்களுக்கு ஊடே மாடு வளர்ப்பவர்களில் சிலர், தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் நெல் அறுவடை முடிந்தவுடன் வயலில் கிடக்கும் வைக்கோலைத் தாங்களே கட்டி ஏற்றிவர, பழைய பேலர் ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் வாங்கிய முதல் பருவத்தில் கட்டுகள் அவிழ்ந்து வயலில் சிதறும்போது, எந்த நட்டைத் திருகுவது என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் திருகிவிட்டால், அதன்பிறகு அந்த இயந்திரத்தைச் சரிசெய்வது கடினம். ஏனென்றால் முதலில் இருந்த ஒரு கோளாறு அதற்குள் நான்கு கோளாறாகியிருக்கும்.

நான் இங்கே எழுதுவது சிறு சதுரக் கட்டு இயந்திரத்தைப் பற்றியது. அதாவது பெரும்பாலும் 14 அங்குல உயரமும் 18 அங்குல அகலமும் கொண்ட அறைக்குள் வைக்கோலை அழுத்தி, இரண்டு கயிறுகளால் தானே முடிச்சிட்டுத் தள்ளும் வகை. உருளைக் கட்டு இயந்திரத்துக்கு இந்தக் குறிப்புகளில் பாதிகூடப் பொருந்தாது.

எந்தக் கோளாறுக்கும் பொருந்தும் ஒரு நியதி உண்டு: ஸ்பானரை எடுப்பதற்கு முன் அவிழ்ந்த கயிற்றைக் கையில் எடுங்கள். முடிச்சு விழாத கயிற்றின் முனை, இயந்திரத்தின் எந்த உறுப்பு தன் வேலையைச் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிடும். அடுத்ததாக, ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டும் திருத்துங்கள். அந்த நட்டை எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்பதைச் சுண்ணக்கட்டியால் இயந்திரத்தின் மேலேயே எழுதிவையுங்கள். பலன் இல்லையென்றால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. டிராக்டர் எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிளைவீல் என்னும் கனத்த சுழற்சக்கரம் முழுவதுமாக நின்ற பிறகே பேலரைத் தொடலாம். எஞ்சின் நின்றாலும் பிளைவீல் சிறிது நேரம் சுழன்றுகொண்டேதான் இருக்கும். கட்டுக்கு முடிச்சிடும் சுற்று, அதாவது முடிச்சுச் சுற்று, பாதியில் நிற்கும்போது கயிற்றைக் கொண்டுவரும் ஊசிகள் அறைக்குள் ஏறியிருக்கும். அந்நேரம் பிளைவீலை ஒருவர் திருப்ப, இன்னொருவர் உள்ளே கைவிடுவது விரலை இழக்கும் வழி. பேலரின் வாயில் அடைத்துக்கொண்ட வைக்கோலை, டிராக்டரிலிருந்து பேலரை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது காலால் தள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்ல வேண்டியதை அச்சில் எழுத முடியாது.

வாங்கப் போகும் இடத்தில்

புதிதாக அடித்த பெயின்ட் ஒரு பேலரைப் பற்றி எதையும் சொல்லாது. முதலில் பிளைவீல் அருகே குனிந்து ஷியர் போல்ட்டைப் பாருங்கள். அதிகச் சுமை வரும்போது மற்ற உறுப்புகளைக் காப்பாற்றுவதற்காகத் தானே உடைய வேண்டியது அந்த போல்ட். ஒரு முறை ஓர் இயந்திரத்தைப் பார்க்கப் போன இடத்தில், விற்கவிருந்த தம்பி, “அண்ணே, இந்த போல்ட் சும்மா சும்மா உடைஞ்சிக்கிட்டே இருந்துச்சு, கெட்டியானதா ஒண்ணு போட்டுட்டேன், இப்போ ஒரு தொல்லையும் இல்ல,” என்று பெருமையாகச் சொன்னார். குனிந்து பார்த்தால் போல்ட்டின் தலையில் ஆறு கோடுகள் இருந்தன. அது 8ஆம் தர போல்ட். மூன்று கோடு இருந்தால் 5ஆம் தரம். கோடே இல்லாதது 2ஆம் தரம். மில்லிமீட்டர் அளவு போல்ட்டுகளில் 8.8, 10.9 என்று எண்ணாகவே பொறித்திருப்பார்கள். கையேடு எந்தத் தரத்தைச் சொல்கிறதோ அதைவிடக் கெட்டியான போல்ட்டைப் பூட்டியிருந்தால், அந்த போல்ட் உடையாத ஒவ்வொரு முறையும் அந்த அடியை கியர்பாக்ஸோ, வைக்கோலை அழுத்தும் பிளஞ்சரைத் தள்ளும் தண்டோ, ஊசியோ வாங்கியிருக்கிறது என்று பொருள். அன்று நான் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அடுத்தது நாட்டர் எனப்படும் முடிச்சுப்பொறி. கயிறு கோத்து, கட்டின் நீளத்தை அளக்கும் அளவுச் சக்கரத்தின் கையைத் தட்டிவிட்டு, பிளைவீலைக் கையாலேயே அது சுழலும் திசையில் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். ஊசிகள் எதிலும் உரசாமல் மேலேறி, நாட்டரை அடைந்து, கயிற்றை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். விற்பவர் இதற்கு ஒப்பவில்லையென்றால் விலையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஊசியில் வெல்டிங் தழும்பு இருந்தால் அது ஒரு முறையாவது உடைந்திருக்கிறது. உடைந்ததற்கான காரணம் இயந்திரத்துக்குள் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நாட்டர் எந்த வகை என்பதையும் கவனிக்க வேண்டும். கதிர்களைக் கட்டும் இயந்திரங்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி செம்மைப்படுத்திய முடிச்சு முறைதான் இன்றைய பேலர் நாட்டருக்கும் அடிப்படை. ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1921இல் பெற்ற காப்புரிமையும் முடிச்சுப்பொறிக்குத்தான். இவ்வளவு பழைய கருவி என்பதில் நமக்கு ஓர் ஆதாயம் உண்டு. டீரிங் வகை, ராஸ்பே வகை என்னும் இரண்டு குடும்பங்களுக்குள்ளேயே பெரும்பாலான நாட்டர்கள் அடங்கிவிடுவதால், இயந்திரம் செய்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் நாட்டருக்கு உதிரிபாகம் தேடிப்பிடிக்க வழியுண்டு. ஆனால் பிளஞ்சருக்கும் கியர்பாக்ஸுக்கும் அப்படியில்லை. ஆகவே நாட்டர் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். கியர்பாக்ஸ் போயிருந்தால் லோரியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கியர்பாக்ஸின் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அறையின் அடித்தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நம் மழையில், கடைசிக் கட்டை உள்ளேயே விட்டுவிட்டு நிறுத்திய பேலர்களில் அந்தத் தகடுதான் முதலில் ஓட்டை விழும். பி.டி.ஓ. தண்டின் மேலுறை இல்லையென்றால் அதற்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். டயரைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

அறிகுறி: கட்டு அவிழ்கிறது, முடிச்சு விழவில்லை

பேலர் வைத்திருப்பவரின் தலைவலியில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முடிச்சு எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கயிற்றின் ஒரு முனை, முந்தைய கட்டின் முடிச்சிலிருந்தே, பள்ளங்கள் வெட்டிய வட்டத் தட்டு ஒன்றில் பிடிபட்டிருக்கிறது. அங்கிருந்து அது கட்டின் மேற்பரப்பில் நீளவாக்கில் ஓடி, வெளியேறும் பக்க முகத்தில் இறங்கி, அடிவழியாகத் திரும்பி வந்து ஊசியின் காதுக்குள் போகிறது. கட்டு நிறைந்ததும் ஊசி மேலேறி, பிளஞ்சர் பக்க முகத்தை ஒட்டிக் கயிற்றைக் கொண்டுவந்து அதே தட்டின் அடுத்த பள்ளத்தில் வைக்கிறது. இப்போது இரண்டு கயிறுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வாத்தின் அலகு போன்ற வடிவமுள்ள பில்ஹுக் என்னும் கொக்கி ஒரு முழுச் சுற்று சுற்றி, இரண்டையும் தன்மேல் வளையமாக்கி, வாயைத் திறந்து முனைகளைக் கவ்வுகிறது. கத்தியுள்ள கை முன்னே வந்து கயிற்றை அறுக்கிறது. அதே கையின் வழிப்புப் பகுதி வளையத்தைப் பில்ஹுக்கிலிருந்து வழித்துத் தள்ளும்போது, கவ்விய முனைகள் வளையத்துக்குள் இழுபட்டு முடிச்சு இறுகுகிறது. இதெல்லாம் நடந்து முடிய ஒரு கணம் போதும்.

அவிழ்ந்த கட்டில், மேற்பரப்பில் கிடந்த கயிற்றைத் ‘தட்டுக் கயிறு’ என்றும், பிளஞ்சர் பக்க முகத்தில் ஏறிவந்ததை ‘ஊசிக் கயிறு’ என்றும் வைத்துக்கொள்வோம். கட்டு சிதறுவதற்கு முன்பே இரண்டையும் அடையாளம் கண்டு முனைகளை வெட்டி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

தட்டுக் கயிற்றின் முனையில் மட்டும் ஒற்றை முடிச்சு இருந்து, ஊசிக் கயிறு வெறுமனே இருந்தால், பில்ஹுக் சுற்றியபோது ஊசிக் கயிறு அதன்மேல் இல்லை. ஊசி கயிற்றைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரவில்லை, அல்லது கயிற்றைப் பில்ஹுக்கின் மேல் ஒதுக்கித்தரும் விரல் போதிய தூரம் நகரவில்லை. ஊசி வளைந்திருக்கிறதா, விரலின் நெம்பு தண்டு தேய்ந்து தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றுப் பெட்டியின் இறுக்கம் குறைந்து, ஊசியில் கயிறு தொய்ந்தாலும் இதே விளைவுதான். இது எளிய திருத்தம் என்பதால் இதையே முதலில் பாருங்கள். பிளஞ்சரின் முகத்தில் ஊசி நுழையும் பிளவுகளில் வைக்கோல் அடைத்துக்கொண்டு ஊசியைத் தள்ளுவதும் உண்டு.

இதற்கு நேர்மாறாக, ஊசிக் கயிற்றில் மட்டும் முடிச்சு இருந்து தட்டுக் கயிறு வெறுமனே இருந்தால், தட்டு அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை. முடிச்சு விழுவதற்கு முன்பே கட்டு அதை உருவிவிட்டது. கயிற்றைத் தட்டோடு அழுத்திப் பிடிக்கும் பிடிப்பானின் வில் தளர்ந்திருக்கலாம். ஆனால் அதை இறுக்குமுன், பிடிப்பானுக்கும் தட்டுக்கும் இடையே சேர்ந்திருக்கும் தூசியையும் கயிற்றுத் துண்டுகளையும் ஒரு மெல்லிய கம்பியால் நோண்டி எடுங்கள். நெல் வைக்கோலின் தூசி நாட்டருக்குள் நிறைய படிகிறது. சுத்தம் செய்த பிறகும் உருவினால், வில்லின் நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அளவுக்கு மீறினால் தட்டு கயிற்றை நசுக்கி நாராக்கிவிடும். அப்போது முடிச்சு விழும், ஆனால் முடிச்சுக்கு அருகே நார் நாராகப் பிரிந்து கயிறு அறும். இது அடுத்த அறிகுறி, உண்டாக்கியவர் நாமே.

இரண்டு முனைகளிலும் முடிச்சு இல்லை, இரண்டும் ஒழுங்காக அறுபட்டிருக்கின்றன, முனைகள் சற்றுச் சுருண்டும் இருக்கின்றன என்றால், பில்ஹுக் சுற்றியது, கத்தி அறுத்தது, ஆனால் வாய் முனைகளைக் கவ்விப் பிடிக்கவில்லை. பில்ஹுக்கின் நாக்கை அழுத்தும் வில் தளர்ந்துவிட்டது, அல்லது நாக்கின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது. வில்லைக் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள்.

முடிச்சு விழுந்தும் பில்ஹுக்கை விட்டு வெளியே வராமல் அங்கேயே தொங்கி, அடுத்த கட்டு அதை இழுத்து அறுத்துவிட்டால், நாக்கின் வில் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது வழிப்புக் கை பில்ஹுக்கின் முதுகைத் தொடாமலே கடந்துபோகிறது, அல்லது பில்ஹுக் துருப்பிடித்திருக்கிறது. நம் ஊரில் மூன்றாவது காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பருவங்களுக்கு இடையே கொட்டகையில் நின்ற பேலரின் பில்ஹுக், கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் சொரசொரப்பாக இருக்கும். நகத்தை அதன் மேல் ஓட்டிப் பார்த்தால் தெரியும். மெல்லிய எமரித் தாளால் கயிறு நகரும் திசையிலேயே தேய்த்து, எண்ணெய் துணியால் துடைத்துவிட்டு, பிளைவீலைக் கையால் திருப்பி முடிச்சுச் சுற்று சிலவற்றை ஓட்டிப் பாருங்கள். வழிப்புக் கையைப் பொறுத்தவரை, அது பில்ஹுக்கை லேசாக உரசிக்கொண்டே கடக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் கையைச் சற்று வளைத்துச் சரிசெய்வது பழைய இயந்திரங்களில் வழக்கம். ஆனால் அந்தக் கை வார்ப்பிரும்பாக இருந்தால் வளைக்க முயலாதீர்கள், உடைந்துபோகும்.

முடிச்சு ஒழுங்காக விழுந்து, முடிச்சுக்கு வெளியே கயிறு பட்டென்று அறுகிறதா? நாட்டரைத் தொடவே வேண்டாம். கட்டின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள், அல்லது கயிற்றை மாற்றுங்கள். கயிற்றுக் கட்டின் மேல் 9000 என்று எழுதியிருந்தால் இரண்டு உருண்டைகளையும் சேர்த்து 9000 அடி நீளம் என்று பொருள். அதே எடையில் 7200 அடியே இருந்தால் அந்தக் கயிறு தடிமனானது, வலுவானது. எண் கூடக் கூட கயிறு மெலியும். இது தெரியாமல், எண் பெரிதாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்று நினைத்து வாங்கிவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அறுபட்ட முனை சீராக இல்லாமல் பஞ்சுபோல் பிரிந்தும் நீண்டும் இருந்தால் கயிற்றுக் கத்தி மழுங்கிவிட்டது. அதைக் கழற்றித் தீட்ட ஐந்து நிமிடம் போதும்.

ஒரு பக்கக் கயிறு மட்டும் தவறுகிறதா, இரண்டு பக்கமுமா என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் கோளாறு அந்தப் பக்க நாட்டரிலோ ஊசியிலோ கயிற்றிலோதான் இருக்கிறது. கயிற்று உருண்டைகளை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். தவறும் பக்கமும் மாறினால் குற்றவாளி கயிறுதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தவறத் தொடங்கினால், இரண்டு நாட்டரும் ஒரே நாளில் கெட்டன என்று நம்பாதீர்கள். கட்டின் இறுக்கம், ஈரம், ஊசிகளின் நேரக்கணக்கு, புதிதாக வாங்கிய கயிறு ஆகிய பொதுக் காரணங்களையே தேடுங்கள்.

கயிறே இல்லாமல் கட்டு வந்தால், பெட்டியில் கயிறு தீர்ந்திருக்கும், அல்லது ஓர் உருண்டையின் வாலை அடுத்ததன் தலையோடு இணைத்த முடிச்சு ஊசியின் காதில் சிக்கியிருக்கும். இணைப்பு முடிச்சைச் சிறியதாகப் போட்டு, மீதி முனைகளை ஒட்ட வெட்டிவிடுங்கள். வைக்கோல் மாட்டுக்குத்தான் என்றால் கற்றாழை நாரில் செய்த சீசல் கயிறே நல்லது. பிளாஸ்டிக் கயிறு வலுவானது, விலையும் ஒத்துவரும். ஆனால் துண்டுகள் தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அங்கேயே தங்கிவிடும். சீசலுக்கும் இங்கே ஒரு தொல்லை உண்டு: ஈரக்காற்றில் ஊறி, இடத்துக்கு இடம் தடிமன் மாறும். உருண்டைகளைத் தரையில் வைக்காமல், எலி ஏறாத உயரத்தில், மூடிய டிரம்மில் வையுங்கள்.

அறிகுறி: முடிச்சுச் சுற்று வேளை தவறுகிறது

ஒரு முழ நீளம்கூட ஆகாத குட்டிக் கட்டுகள் அடுத்தடுத்து வந்தால், நாட்டரை ஓட்டும் கிளட்சின் கை தன் இடத்துக்குத் திரும்பவில்லை. வில் அறுந்திருக்கும், அல்லது உருளை தேய்ந்து வழுக்கும். கட்டு நீண்டுகொண்டே போய் முடிச்சே விழவில்லையென்றால், அளவுச் சக்கரம் வைக்கோலின் மேல் உருளாமல் வழுக்குகிறது, அல்லது கை துருவில் இறுகியிருக்கிறது. தேய்ந்த பற்களுள்ள சக்கரத்தை ஈரக் கட்டின்மேல் உருட்டுவதைவிட, கட்டின் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டிப் பார்ப்பதே முதல் வழி.

அறிகுறி: ஷியர் போல்ட் உடைந்துகொண்டே இருக்கிறது

எப்போது உடைகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

பி.டி.ஓ.வை இணைத்த கணமே உடைந்தால், அறைக்குள் வைக்கோல் நிறைந்திருக்கும்போது கிளட்சைப் பட்டென்று விட்டிருக்கிறீர்கள். எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து இணைத்து, பிறகே பி.டி.ஓ.வை நிமிடத்துக்கு 540 சுற்றுக்குக் கொண்டுவந்து, அதன்பிறகே வைக்கோல் வரிசைக்குள் நுழைய வேண்டும்.

தடித்த வைக்கோல் வரிசையில் மட்டும் உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். அதோடு பிளஞ்சரின் கத்தியையும், அறையின் வாயோரத்தில் நிற்கும் எதிர்க்கத்தியையும் பாருங்கள். பிளஞ்சர் ஒவ்வொரு முறையும் வைக்கோலை அறுத்துத்தான் உள்ளே தள்ளுகிறது. கத்தி மழுங்கினால் அறுப்பதற்குப் பதிலாகக் கிழிக்கும், சுமை ஏறும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் புல் கட்டும் நாடுகளில் எழுதப்பட்ட கையேடு சொல்லும் கால இடைவெளியை இங்கே நம்பக்கூடாது. அதற்கு முன்பே தீட்ட வேண்டிவரும். இரண்டு கத்திகளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருந்தால் போதும், ஆனால் உரசக்கூடாது. பிளஞ்சரை மெதுவாக நகர்த்தி, மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவும் இருந்தால், கத்தியை நகர்த்திப் பயனில்லை. பிளஞ்சர் ஓடும் தண்டவாளமோ உருளையோ தேய்ந்துவிட்டது.

முடிச்சுச் சுற்று நடக்கும்போது மட்டும் உடைகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். ஊசிகள் அறைக்குள் இருக்கும்போது பிளஞ்சர் வந்து அவற்றை நசுக்காமல் தடுக்கும் பாதுகாப்புத் தடை தன் வேலையைச் செய்திருக்கிறது. அதாவது பிளஞ்சரும் ஊசியும் ஒரே தாளத்தில் இல்லை. சங்கிலி ஒரு பல் தாண்டியிருக்கலாம், ஊசிச் சட்டத்தின் பிரேக் தளர்ந்து ஊசிகள் தானாக ஏறியிருக்கலாம். புதிய போல்ட்டைப் போட்டு மறுபடியும் ஓட்டிப் பார்ப்பது ஊசியைப் பந்தயம் வைப்பதாகும். கையேட்டில் உள்ள நேரக்குறிகளை வைத்துக் கையால் திருப்பிச் சரிபாருங்கள். சங்கிலியைக் கழற்ற நேர்ந்தால், கழற்றுமுன் பற்களிலும் சங்கிலியிலும் பெயின்டால் அடையாளமிடுங்கள்.

அறை வெறுமையாக இருக்கும்போதே உடைந்தால் உள்ளே கல்லோ இரும்போ சிக்கியிருக்கும், அல்லது வைக்கோலை அறைக்குள் ஊட்டும் முள் வளைந்து பிளஞ்சரின் வழியில் நிற்கும்.

இந்த நான்கும் இல்லையா? போல்ட் நுழையும் துளைகளைப் பாருங்கள். துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் போல்ட் ஒவ்வொரு சுற்றிலும் ஆடி ஆடிக் களைத்து உடையும். பட்டறையில் புஷ் அடித்தால் தீர்ந்தது.

வழுக்குக் கிளட்சைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதிகச் சுமையில் வழுக்க வேண்டிய அந்தத் தகடுகள், ஈரத்தில் நின்ற இயந்திரத்தில் துருவால் ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாகிவிடும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வில்களின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, நட்டுகளைத் தளர்த்தி, தகடுகளை வழுக்கவிட்டு, மீண்டும் அதே நீளத்துக்கு இறுக்குங்கள்.

அறிகுறி: கட்டு கோணலாக, கனமாக, அல்லது தொளதொளப்பாக வருகிறது

ஒரு பக்கம் வளைந்த கட்டில், வளைவின் வெளிப்பக்கத்தில் வைக்கோல் அதிகமாகச் சேர்ந்திருக்கிறது. ஊட்டும் முட்கள் அறையின் தொலைவுப் பக்கம்வரை வைக்கோலைக் கொண்டுபோகின்றனவா என்று பாருங்கள். மெல்லிய வரிசையில் அவற்றின் எட்டும் தூரத்தைக் கூட்ட வேண்டும், தடித்த வரிசையில் குறைக்க வேண்டும். ஒரு கட்டில் 12 முதல் 18 அடுக்குகள் இருப்பது நல்ல அடையாளம். ஆறேழு அடுக்கிலேயே கட்டு நிறைந்தால் நீங்கள் மிக வேகமாக ஓட்டுகிறீர்கள். கட்டின் நீளமும் ஒன்றுக்கொன்று மாறும். கட்டின் ஒரு பக்கவாட்டில் வைக்கோல் தாடியாகத் தொங்கினால் கத்தியைத் தீட்டுங்கள்.

எடை மாறுவதற்கு வானிலையே பெரிய காரணம். ஈர வைக்கோல் அறைச் சுவர்களில் அதிகமாக உராய்வதால், கட்டின் இறுக்கத்தை வைக்கும் அழுத்தத் திருகைத் தொடாமலே கட்டு கனத்துவிடும். பனி உலர்ந்த பிறகு அதே திருகு நிலையில் கட்டு இளகிவிடும். ஆகவே ஒரு முறை வைத்துவிட்டு மறந்துபோகும் திருகு அது அல்ல. சிறு கட்டுக்கு வைக்கோலின் ஈரம் 18 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்; 20ஐத் தாண்டினால் அடுக்கிய பிறகு உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். அறுவடை இயந்திரத்தின் பின்னால் புதிதாக விழும் வைக்கோல் இதைவிடப் பலமடங்கு ஈரமானது. காலையில் அறுத்ததை மாலை மழைக்கு முன் கட்டிவிடலாம் என்ற அவசரம்தான் கொட்டகையில் புகையாக முடிகிறது. அடுக்கின் நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செருகிவைத்துச் சற்று நேரம் கழித்து உருவித் தொடுங்கள். கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் அடுக்கைப் பிரியுங்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு.

அறிகுறி: வைக்கோல் வரிசையில் பாதி வயலிலேயே தங்குகிறது

பொறுக்கும் முட்கள் உடைந்திருக்கும், அல்லது பட்டை வழுக்கும். முட்களின் நுனி தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருக்கட்டும். வயலின் மண் மென்மையானது. இன்னும் இறக்கினால் வைக்கோலோடு சேறும் உள்ளே போய்க் கத்தியையும் நாட்டரையும் கெடுக்கும். மிச்சமாகும் கொஞ்சம் வைக்கோலை வயலுக்கே விட்டுவிடுவது மலிவு.

அறிகுறி: ஒவ்வோர் அடிக்கும் தட்டும் சத்தம்

எஞ்சினை நிறுத்தி, பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிளைவீல் அசைந்தும் பிளஞ்சர் உடனே அசையவில்லையென்றால் இடையிலுள்ள தண்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிளஞ்சரை நெம்புகோலால் மேலும் கீழும் அசைக்க முடிந்தால் தண்டவாளமோ உருளையோ தேய்ந்திருக்கிறது. சூடான பேரிங்கைச் சுற்றித் தூசி வைக்கோல் சேர்வது தீப்பிடிக்கும் வழி என்பதால், ஒவ்வொரு மாலையும் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போதே, எஞ்சினும் பிளைவீலும் நின்றவுடன் புறங்கையை ஒவ்வொரு பேரிங்கின் அருகேயும் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்க்கும் பழக்கம் நல்லது. தீயணைப்பான் ஒன்றை டிராக்டரிலேயே மாட்டிவையுங்கள்.

பருவம் முடிந்து நிறுத்தும்போது

அறைக்குள் இருக்கும் கடைசிக் கட்டைக் கட்டாயமாக வெளியே எடுத்துவிடுங்கள். அழுத்தத் திருகைத் தளர்த்துங்கள். நாட்டரையும் அறையின் உள்சுவரையும் காற்றடித்துச் சுத்தம் செய்து, பில்ஹுக், கயிற்றுத் தட்டு, கத்தி ஆகியவற்றில் கிரீஸ் பூசுங்கள். மறுபருவத்தில் முதல் கயிறு ஓடுமுன் அதைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் தூசி ஒட்டிச் சாந்தாகிவிடும். கூரை இல்லாத இடத்தில் நிறுத்தினால், தார்ப்பாயால் தரைவரை இறுக்கி மூடாமல் மேல்பக்கத்தை மட்டும் மூடுங்கள். தரையின் ஈரம் உள்ளேயே தங்கினால் மழையைவிட மோசம்.

சில பேலர்களைத் திருத்துவதில் அர்த்தமில்லை. கியர்பாக்ஸின் பற்கள் போய், அறையின் சட்டம் வெல்டிங்குக்கு மேல் வெல்டிங்காக விரிசல்விட்டிருந்தால், இரண்டு நாட்டர்களையும், வளையாத ஊசிகளையும், தேய்மானம் குறைந்த பொறுக்கு முட்களையும் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு மீதியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம். அடுத்து வாங்கும் பேலரின் நாட்டரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தால், பெட்டியிலுள்ள பில்ஹுக்கும் கயிற்றுத் தட்டும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று அளந்து பார்த்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.